ஏழாம் பலகையில் பிரபஞ்சம்

12 மே, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. முட்டி வலி. வாங்க வேண்டியது: பால், மிளகாய்த்தூள், அவர் சட்டைக்குப் பொத்தான்.

அறிவியல் கண்காட்சிப் பலகைகளை மாட்டிவிட்டார்களாம். நாலு மொழி. தமிழ் வழக்கம்போலக் கடைசி, முழங்கால் உயரத்தில். வடிவமைப்பாளர் மெய் லிங் படங்களை அனுப்பி, "கலா, தமிழ் ஓகே லா?" என்று கேட்டாள். கொம்பும் புள்ளியும் எழுத்தை விட்டு ஓடவில்லை, அதுவே பெரிய விஷயம். பிறகு ஏழாம் பலகையைப் படித்தேன்.

'பிரபஞ்சம்' என்ற சொல் எப்படி வந்தது என்று ஒரு சின்னக் கட்டம். நான் மொழிபெயர்த்தது: வடமொழிச் சொல், விரிந்து பரவுதல் என்று பொருள். சுவரில் இருப்பது: பஞ்ச என்றால் ஐந்து, ஐம்பூதங்களால் ஆனதால் பிரபஞ்சம். சரிபார்த்த ரஞ்சிதம் டீச்சரின் திருத்தம். வந்த அன்று அலுப்பில் நானும் படிக்காமல் அனுப்பியிருக்கிறேன்.

13 மே, புதன்

மறுபடி மழை. இரண்டு அகராதி பார்த்தாயிற்று. விரிதல்தான். ஐந்து என்பது ஒலியை வைத்துச் சொல்கிற கதை.

அதே பலகையின் மேல்பாதியில் பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிற படம். அந்தக் காலத்து ஆட்கள் வைத்த பெயரும் அதையே சொல்கிறது. பிள்ளைகள் அண்ணாந்து படத்தைப் பார்த்து, குனிந்து சொல்லைப் படித்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

மெய் லிங்கிடம் சொன்னேன். சனிக்கிழமை திறப்பு, அடுத்த வாரம்தான் மாற்ற முடியும் என்றாள். "டோன்ட் வொரி, யாரும் படிக்க மாட்டாங்க" என்ற பாவனையில் கைப்பேசியில் ஒரு சிரிப்புப் பொம்மை வேறு.

அவர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவு வேலை முடிந்து வந்து, சாப்பிட்டபடியே, "டீச்சர்கிட்ட சொல்லிடாத. உடம்பு முடியாம இதோட வேலைய விடுறாங்க. மகன் பெர்த்லேருந்து பிளேன் ஏறி வர்றான். பலகைக்குக் கீழ அவங்க பேரு இருக்கு, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமே" என்றார். நியாயம்தான். ஆனால் மகன் படித்துவிட்டு யாரிடமாவது பெருமையாகச் சொன்னால்?

15 மே, வெள்ளி

சொல்லிவிட்டேன். தேக்கா சந்தையில், மீன்கடை ஈரத்தில் நின்றுகொண்டு. டீச்சர் நாளைக்குக் கட்டப்போகிற புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் வெட்டி, நான் படிக்காமல் அனுப்பிய தப்பையும் சேர்த்துச் சொன்னேன். முகம் சுருங்கிப்போயிற்று.

"முப்பது வருஷமா கிளாஸ்ல அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன். அத்தனை பிள்ளைங்களுக்கும் தப்பாவா சொன்னேன்?"

வெட்டக் கொடுத்த வஞ்சிர மீனைக்கூட வாங்காமல் போய்விட்டார். நான் வாங்கி வந்து குளிர்பெட்டியில் வைத்திருக்கிறேன். மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை. ஒரு சொல்லுக்காக இருபது வருடப் பழக்கத்தைக் கெடுத்துக்கொண்டேனா? அழுகை வந்தது. பிறகு துணி மடித்தேன்.

16 மே, சனி

வெயில் கொளுத்துகிறது. போக மனமே இல்லை. போனேன்.

ஏழாம் பலகை முன்னால் டீச்சர். மாம்பழ நிறப் புடவை, வீங்கிய கால், ரப்பர் செருப்பு. மகன் ஓரமாக நின்றிருந்தார். "கதவு திறந்ததுலேருந்து நிக்கிறாங்க ஆன்ட்டி. போட்டோ வேணாங்கிறாங்க. நகர மாட்டேங்கிறாங்க."

ஒரு குடும்பம் வந்தது. அப்பா குனிந்து, ஐந்து பூதம் என்று மகளுக்குப் படித்துக் காட்டினார்.

"தம்பி, அத நம்பாதீங்க. விரிஞ்சுகிட்டே போறதுன்னு அர்த்தம். மேல படத்தப் பாருங்க, அதேதான். தப்பா போட்டது நான். கீழ இருக்கு பாருங்க என் பேரு."

அவர்கள் போனதும் அடுத்த குடும்பம். அதே பேச்சு, அதே பொறுமை. நான் நாற்காலி ஒன்றைத் தேடி இழுத்து வந்தேன். டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டீச்சர், உட்காருங்க."

"உட்கார்ந்தா யார் சொல்றது?"

அடுத்து வந்த ஒரு அம்மாவும் இரண்டு பையன்களும் பலகையருகே நின்றார்கள். நான் முன்னால் போய், "இதுல ஒரு தப்பு இருக்குங்க, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சது" என்று ஆரம்பித்தேன்.

டீச்சர் உட்கார்ந்தார்.