தென்துருவத் திமிங்கிலமும் ஓமந்தூர் மல்லாட்டையும்

12 ஜூன் 1937, இரவு 9.40. இன்று எங்கள் எண்ணெய் மில்லில் விற்காமல் திரும்பியவை பதினொரு நிலக்கடலை மூட்டைகள். காரணம் நான்.

மல்லாட்டை விலை ஏன் விழுந்தது என்று ஓமந்தூர்க் குடியானவர் கோவிந்தன் கேட்டார். சீமையில் வெண்ணெய்க்குப் பதிலாக ரொட்டியில் தடவும் மார்ஜரின் செய்ய, கடலை எண்ணெயை விட்டுத் தென்துருவத்துத் திமிங்கில எண்ணெயை மலிவாக வாங்குகிறார்கள் என்றேன்.

“அந்த நாத்தத்தையா துரைங்க ரொட்டில தடவிக்கினு துன்றாங்க?”

“வேட்டையைக் குறைக்க எல்லா தேசமும் கையெழுத்துப் போட்டாச்சு. விலை ஏறும், விக்காதீங்க.”

“இன்ஜினியரு சொன்னா சரிதாங்க.” வண்டியைத் திருப்பிவிட்டார். ஆடி உழவுக்கு மாடு வாங்க வேண்டிய காசு அது.

மாலையில்தான் பத்திரிகைச் செய்தியை முழுதும் படித்தேன். ஜப்பான் கையெழுத்துப் போடவில்லை. மற்றவர்கள் விட்டுவைப்பதை அவன் கப்பல்கள் அள்ளிவிடுமே, விலை எங்கே ஏறும்!

1. விடிந்ததும் சைக்கிளில் ஓமந்தூர்.
2. பாதி படித்துவிட்டு உளறினேன் என்று சொல்வது. சிரித்தால் சிரிக்கட்டும்.
3. மாட்டுக்கு வேண்டிய அளவாவது நாளைக்கே விற்கவைப்பது.