கட்டை வைத்தது யார்

சேசு மரி சூசை துணை

தலத்தெரு, காரைக்கால்
ஜூலை 2006, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் டைட்டஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகள் ஜெசிந்தாவும் பேத்தி எலோடியும் மாதாவின் அடைக்கலத்தில் சுகமாக இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் மன்றாடிவிட்டு வந்து, கோவிலுக்குக் கட்டின சேலையைக்கூட மாற்றாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் சுகத்தைக் கேட்டால், என்னவோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஆடி பிறந்தும் காற்றைக் காணோம், மத்தியானம் ஆனால் கரண்டும் போய்விடுகிறது, எனக்குக் கால் இரண்டும் வீங்கிக் கிடக்கிறது. நின்று வேலை செய்யாதீர்கள் என்கிறார் டாக்டர், உட்கார்ந்தபடி சோறு வடிப்பது எப்படி என்று அவரே வந்து சொல்லிக்கொடுத்தால் தேவலை. உன் தங்கை ரீட்டா கோட்டுச்சேரியிலிருந்து வந்து இங்கேதான் இருக்கிறாள், ஏழாம் மாதம் ஆகியும் வாந்தி நிற்கவில்லை, நார்த்தங்காய் ஊறுகாயைத் தவிர வேறு எதையும் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அப்பா இன்னும் வேனை விடவில்லை. முட்டி வலி முட்டி வலி என்று முனகிக்கொண்டே வேளாங்கண்ணிச் சவாரி, கல்யாணச் சவாரி என்று போய்க்கொண்டுதான் இருக்கிறார், வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவர். மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் வேன் ஊருக்குள் நுழைய முடியாமல் நின்றுபோனதற்கும் வீட்டுக்கு வந்து என்மேல்தான் எரிந்து விழுந்தார்.

இதையெல்லாம் சொல்லவா பேனாவை எடுத்தேன். போன வாரம் நீ போன் பண்ணி, பிரான்சில் நீங்கள் வைத்திருக்கிற, கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கிற அந்த வீட்டு வண்டி, நீ காம்பிங் கார் என்கிறாயே அது, மலையில் ஏரிக்கரையோரம் நிறுத்தியிருந்தபோது தானாக நகர்ந்து போய் ஒரு மரத்தில் முட்டிக்கொண்டது என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாய். வண்டிக்கு அந்த மரத்தைப் பாத்ததும் ஆசை வந்துடுச்சும்மா, போய்க் கட்டிப் பிடிச்சிக்கிச்சு என்றாய். நானும் பைத்தியக்காரி மாதிரி கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அப்பாவிடமும் சொல்லிச் சிரித்தேன். மறுநாள் ஜெசிந்தா கூப்பிட்டாள். எடுத்ததும் அழுகை. ஃப்ரேனாமேன் போடல அத்தை, ஃப்ரேனாமேன் போடல என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு அது யாரோ ஆளின் பெயர் மாதிரி காதில் விழுந்து, யாரும்மா அது, என்ன பண்ணினான் என்று கேட்டேன். அப்புறம்தான் ஹேண்ட் பிரேக்கைச் சொல்கிறாள் என்று புரிந்தது. நீங்கள் இரண்டு பேரும் வெளியே மடக்கு நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தீர்களாம், குழந்தை உள்ளே பின்பக்கக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்ததாம். வண்டி கியரில்தான் இருந்ததாம், ஆனால் தண்ணீர்த் தொட்டியும் கேஸ் சிலிண்டரும் கட்டிலும் சாமானுமாக இருக்கிற அந்தப் பாரத்தைக் கியர் மட்டும் எப்படித் தாங்கும், கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அப்புறம் வேகம் பிடித்துவிட்டது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடியிருக்கிறாள். மரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று கேட்டேன். தண்ணிதான் அத்தை என்றாள். டைட்டஸ், அன்றையிலிருந்து கண்ணை மூடினால் தூக்கம் வருவதில்லை, அந்தப் பிள்ளை தூங்குகிற முகம்தான் வருகிறது. குழந்தை உள்ளே இருந்ததை நீ என்னிடம் சொல்லவேயில்லை.

அப்பாவிடம் போய்ச் சொன்னேன். உன்னைத் திட்டுவார் என்று பார்த்தால், அந்தப் பொண்ணு ஒண்ணுக்கு ரெண்டாத்தான் சொல்லும், கியர் நழுவியிருக்கும் என்கிறார். அதோடு விட்டாரா, நான் இத்தனை வருஷமா ஹேண்ட் பிரேக்கே போடாமத்தான் ஓட்டுறேன், என் வண்டி எங்கயாவது உருண்டிருக்கா, நீயே சொல்லு என்று என்னையே கேட்கிறார். எனக்கு வந்ததே கோபம். ஜெசிந்தாவும் இதையேதான் சொன்னாள், ஏன் போடல என்று அவள் கேட்டதற்கு எங்கப்பா போடவே மாட்டாரு, கடல்காத்துல அது பிடிச்சிக்கும் என்று நீ பதில் சொன்னாயாம். அங்கே ஏதடா கடல்காற்று, மலைமேலே?

உனக்குப் பாதிதான் தெரியும், மீதியை நான் சொல்கிறேன் கேள். அந்தப் பழைய வேன் ஒரு மழைக்காலத்தில் நாள்கணக்கில் வாசலில் நின்றது, ஹேண்ட் பிரேக்கை இழுத்தபடி விட்டிருந்தார், உப்புக்காற்றில் அது அப்படியே துருப்பிடித்து இறுகிப்போய்ச் சக்கரம் சுற்றவில்லை, மெக்கானிக் தாவூது வந்து சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்துவிட்டார். அன்றையிலிருந்து அப்பா அதைத் தொடுவதில்லை, கியரில் போட்டு நிறுத்துவதோடு சரி. ஊரும் பாய் விரித்த மாதிரி சமம், எங்கே விட்டாலும் நிற்கும். நம் வீட்டு வாசல்தான் அப்படியில்லை. ரோடு போட்டுப் போட்டு உயர்த்திவிட்டார்கள், வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது, வண்டி மூக்கை வீட்டுப்பக்கம் நீட்டிக்கொண்டு சரிவில்தான் நிற்கும். அதனால் அப்பா வண்டியைத் திருப்பினதும் அங்கிருந்தே, லூர்து, கட்டை! என்று ஒரு சத்தம் கொடுப்பார். நான் அடுப்பில் இருந்தாலும் சரி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாலும் சரி, ஓடிப்போய்க் குனிந்து முன்சக்கரத்துக்கு அந்த மரக்கட்டையை முட்டுக் கொடுப்பேன். அதற்கப்புறம்தான் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார். மழையில் வைத்திருக்கிறேன், உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு வைத்திருக்கிறேன், ஒருதரம் விரல் நசுங்கி நகம் போயிற்று. நீ எப்போதும் அவர் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருப்பாய். கியர் போடுவதைப் பார்த்தாய், சாவியைப் பிடுங்குவதைப் பார்த்தாய், கதவைச் சாத்துவதைப் பார்த்தாய். நான் கண்ணாடிக்குக் கீழே குனிந்திருப்பேன். நீ வண்டி பழகினது அந்த ஸீட்டிலிருந்துதான், அங்கிருந்து பார்த்தால் நான் தெரியமாட்டேன். அவர் வேன் ஏன் உருளவில்லை என்று இப்போதாவது தெரிகிறதா?

இதை அப்படியே அப்பாவிடமும் சொன்னேன். பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார். ரீட்டா வேறு ஏம்மா பழசக் கிளறுற, அப்பாவுக்குப் பிரஷர் ஏறப்போவுது என்கிறாள். எனக்கென்ன பிரஷர் இல்லையா.

ஜெசிந்தா மறுபடி கூப்பிட்டு, அந்த வண்டிக்குள்ளேயே கிடந்த பிரெஞ்சுப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் படித்துத் தமிழில் சொன்னாள், பாவம் திக்கித் திக்கிச் சொன்னாள். நீ அதைப் பிரித்தே பார்க்கவில்லையாம். அவள் சொன்னதை எழுதுகிறேன், அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைக்காமல் படி. முதலில் கூடுமானவரை சமமான தரையாகப் பார்த்து நிறுத்து, ஏரி அழகாகத் தெரிகிறது என்று சரிவில் கொண்டுபோய் விடாதே. கால் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை நன்றாக மேலே வரை இழுக்க வேண்டும், அப்புறம் கியரில் போடுவதற்கு முன்னாலேயே காலை மெதுவாக எடுத்துப் பார்க்க வேண்டும், வண்டி அசையாமல் நின்றால்தான் அது பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அசைந்தால் அங்கே இறங்காதே, மெக்கானிக்கிடம் கொண்டுபோ. நின்றால் மறுபடி பிரேக்கை மிதித்துக் கியரில் போடு, மூக்கு மேட்டைப் பார்த்திருந்தால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்திருந்தால் ரிவர்ஸ். அதற்கு மேலும் சக்கரத்துக்குக் கட்டை, எந்தப் பக்கம் உருளுமோ அந்தப் பக்கம், இரண்டு சக்கரத்துக்கு. அங்கே மஞ்சள் கலரில் பிளாஸ்டிக்கிலேயே விற்கிறதாமே. ஈரப் புல்லில் ஹேண்ட் பிரேக் பிடித்தாலும் சக்கரம் அப்படியே வழுக்கிக்கொண்டு போகுமாம், அதனால் கட்டை இல்லாமல் நிறுத்தக்கூடாது. மலையிறங்கி வந்து பிரேக் சூடாக இருக்கும்போது நிறுத்தினால் ஆறினதும் பிடி தளரும், கொஞ்ச நேரம் கழித்துப் போய் இன்னொருதரம் இழுத்துப் பார். இன்னொன்றும் சொன்னாள். டிரைவர் ஸீட்டை வீட்டுப்பக்கம் திருப்பி நாற்காலியாக்கிக்கொள்ளலாமாம், அது திரும்புவதற்கு ஹேண்ட் பிரேக் இடிக்கும் என்று கீழே இறக்கிவிடுவார்களாம், அப்படியே மறந்துவிடுவார்களாம். ஸீட்டைத் திருப்பத்தான் வேண்டும் என்றால் முதலில் கட்டை, அப்புறம் பிரேக்கை இறக்கு, திருப்பின கையோடு மறுபடி இழுத்துவிட்டுத்தான் காப்பி. எலோடியை அந்த ஸீட்டில் ஏறி விளையாட விடாதே, அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில்தான் ஹேண்ட் பிரேக் இருக்கிறதாம். கிளம்பும்போது கட்டையை எடுக்கவும் பிரேக்கை முழுசாக இறக்கவும் மறக்காதே.

அவள் போனில் சொல்லச் சொல்ல நான் சத்தமாகத் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொண்டதை அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கடைசியில் வாயைத் திறந்து, பனிக்காலத்துல மாசக்கணக்கா ஓட்டாம நிறுத்தும்போது மட்டும் இழுத்து விட வேணாம்னு எழுது, அப்ப அது பிடிச்சிக்கத்தான் செய்யும், சமதரையில விட்டுக் கியரும் கட்டையும் போதும் என்றார். ஜெசிந்தாவைக் கேட்டேன், அந்தப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறதாம், அதனால் எழுதிவிட்டேன். மறுநாள் வேனை எடுத்துக்கொண்டு போனவர் சாயந்திரம்தான் வந்தார். நான் கையெல்லாம் மாவோடு வாசலுக்கு வந்து கூப்பிடுவார் என்று நிற்கிறேன், சத்தத்தைக் காணோம். உள்ளேயிருந்து கர்ரென்று ஹேண்ட் பிரேக் இழுக்கிற சத்தம் கேட்டது, தாவூது கடையில் புதுக் கேபிள் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பிறகு இறங்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு அவரே குனிந்து கட்டையை வைத்தார். என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஒரு கேபிள் போடுகிற வேலைதானே, அதற்குப் போய் இத்தனை வருஷம் என்னை ஓட விட்டாரே என்று அலுப்பாகத்தான் இருந்தது. உள்ளே வந்து மாவைப் பிசைந்தேன்.

ஆகஸ்டில் மறுபடி மலைக்குப் போகப் போவதாக நீ சொன்னாய். நான் வண்டியில ஏற மாட்டேன், பிள்ளையையும் ஏத்த மாட்டேன் என்று ஜெசிந்தா என்னிடம் சொல்லிவிட்டாள், நீங்களாவது அவருகிட்ட சொல்லுங்க அத்தை என்று கேட்டுக்கொண்டாள். நான் அவள் பக்கம்தான். அவள் பயப்படுகிறாள் என்று யாரிடமும் கேலி பேசாதே. நீ சிரிக்கிற சிரிப்பில் அவளுக்கு வயிறு எரிகிறது, தன் பயத்தைச் சொல்ல இத்தனை தூரத்தில் இருக்கிற என்னைக் கூப்பிட வேண்டியிருக்கிறது அவளுக்கு. ஒருநாள் சிரிக்காமல் எதிரே உட்கார்ந்து, தப்பு என்னுதுதான் என்று சொல். சொன்னால் தேய்ந்துபோய்விட மாட்டாய். அவளாக வருகிறேன் என்றால் போங்கள், இல்லையென்றால் அந்த வண்டி அங்கேயே நிற்கட்டும், குடி ஒன்றும் முழுகிப்போகாது.

போனில் சொன்னால் சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய் என்றுதான் கடிதமாக எழுதி, பாரீஸ் திரும்புகிற அடுத்த தெரு காஜா மைதீன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே வெங்காய வடகமும் இருக்கிறது, எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போடச் சொல். எலோடிக்கு என் முத்தம். மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

ஒன்றை மட்டும் மறக்காதே. கட்டையை வாங்கி ஜெசிந்தா கையில் கொடுத்துவிட்டு நீ ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு சத்தம் கொடுக்காதே. நீ இறங்கு, நீ குனி.

இப்படிக்கு
உன்மேல் உயிரை வைத்திருக்கும் அம்மா
சந்தனசாமி லூர்தம்மாள்