ஒரே மூச்சில் வரதராஜன்பேட்டை

சிஸ்டர்,

இன்று காலை ஜெயங்கொண்டத்தில் பஸ் ஏறினேன். படியில் நின்றபடி கண்டக்டர் "வரதராஜன்பேட்டை, வரதராஜன்பேட்டை" என்று கூவினார். என் உதடும் கூடவே அசைந்தது. கிழவனுக்கு ஏதோ கோளாறு என்று பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார். ஒரு காலத்தில் இதே ரூட்டில் நான் கண்டக்டர் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எண்பதுகளில், முந்திரிக்காட்டு ஓரம் ஆள் ஏற்ற நின்றபோது பஸ் கூரை கிளையில் உரசி, கதண்டுக் குளவிக் கூடு கலைந்துவிட்டது. மொத்த பஸ்ஸையும் கொட்டித் தீர்த்தன. டிரைவர் அண்ணன் வண்டியை நேராக உங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்கே விட்டார்.

அதுவரை அங்கே முதலில் வந்தவருக்கு முதல் வைத்தியம், இல்லையென்றால் அதிகம் கத்துபவருக்கு. எங்கள் பஸ்ஸில் கத்தாத ஆள் நான் ஒருவன்தான். எல்லோரையும் இறக்கிவிட்டுக் கடைசியில் போய் நின்றேன், கண்டக்டர் புத்தி. தொண்டை உள்ளுக்குள்ளேயே வீங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் மனைவி பிள்ளைத்தாச்சி. பிள்ளை முகம் பார்க்காமல் போய்விடுவோம் என்று பயந்தேன்.

நீங்கள் வரிசையின் நடுவில் புகுந்து ஆளாளுக்கு ஒரே கேள்வி கேட்டுக்கொண்டு வந்தீர்கள்.

"எங்க போகணும்?"

"எங்கம்மா போறது, செத்துருவேன் போலருக்கே!" என்று ஒருவர் அலறினார்.

"இவ்வளவு பேசுறீங்கல்ல, ஒண்ணும் ஆவாது. பெஞ்சுல உக்காருங்க."

கடைசியில் என்னிடம் வந்தீர்கள். "கண்டக்டர் சார், பஸ்ஸு எங்க போவுது?"

"வர... த..."

அதற்கு மேல் வரவில்லை. நாள் முழுக்க நான் கூவும் ஊர்! உங்கள் முகம் மாறிவிட்டது. "டாக்டர், இவரு மொதல்ல!" என்று என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனீர்கள். டாக்டர் மறுபேச்சில்லாமல் ஊசியை எடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் காற்று உள்ளே போனது. அப்பாடா! காற்றுக்கும் ருசி உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

"இப்ப சொல்லுங்க" என்றீர்கள்.

"வரதராஜன்பேட்டை."

நீங்கள் சிரித்தீர்கள். நான் அழுதுவிட்டேன்.

அதற்குப் பிறகு டாக்டரே உங்களை வாசலில் நிறுத்தி, யாரை முதலில் அனுப்புவது என்று பார்க்கச் சொல்லிவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு வருபவர்களுக்கெல்லாம் என் ஊர்தான் பரீட்சை. "நான் ரெட்டிபாளையமுங்க" என்றாலும் விடமாட்டீர்களாமே! "அது பத்தாது, சின்ன பேரு" என்பீர்களாம். என் மகனுக்கு மூச்சிழுப்பு வந்தபோது அவனையும் சொல்ல வைத்தீர்கள். அவனுக்கும் வரவில்லை. அவனும் பிழைத்தான்.

போன மாதம் உங்களுக்கு மாலை போட வந்தேன். உங்கள் காதருகே ஒருமுறை சொல்லிக் காட்ட ஆசை. 'வர' என்றதுமே தொண்டை அடைத்துக்கொண்டது. நீங்கள் எழுந்திருந்தால் என்னைத்தான் முதலில் உள்ளே அனுப்பியிருப்பீர்கள்.

இன்று வந்துவிட்டது சிஸ்டர். முழுசாக, சத்தமாக, ஒரே மூச்சில். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்கப் போனார்.

"வரதராஜன்பேட்டைங்களா?"

"இல்ல தம்பி, நடுவுலயே எறங்கிடுவேன். மூச்சு இருக்கான்னு பாத்தேன்."