நிற்க முடியாதவளுக்குக் கண் பரிசோதனை எதற்கு?

என் செல்லத் தங்கச்சி சுகுணாவுக்கு,

நீ காய்ச்சலில் போய் நாலு வருஷம் ஆகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் "கஷ்டத்துலருந்து விடுதலைம்மா" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். எது உன் கஷ்டம் என்று அவர்களுக்கென்ன தெரியும்? கூடப் பிறந்த எனக்கே பதினான்கு வருஷம் தெரியவில்லை.

பிறந்ததிலிருந்தே உன் கால்கள் விறைப்பு. நாங்கள் அதை மட்டும்தான் பார்த்தோம். தட்டோ, என் ரிப்பனோ, எதைக் கொடுத்தாலும் மூக்கருகே கொண்டுபோய்த் தலையைச் சாய்த்துப் பார்ப்பாய். நம் நெசவுத் தெருவில் அறுந்த இழையை அப்படித்தானே தேடுவார்கள்? அப்பாவுக்குப் பெருமை பிடிபடாது. "நெசவுக்கார ஊட்டுப் பொண்ணாச்சே! இழை அறுந்துகீதான்னு பாத்துகினு கீது" என்று சேலை வாங்க வரும் முதலாளியிடம்கூடச் சொல்வார். நானும் சேர்ந்து சிரித்தேன், பாவி.

இரண்டாம் வகுப்பில் கண் பரிசோதனைக்கு வந்தார்கள். சுவரில் எழுத்து அட்டை, தரையில் சாக்பீஸ் கோடு. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றேன். "நிக்க முடியாத பொண்ணுக்கு இதெல்லாம் எதுக்கும்மா? ஜல்தி, அடுத்த ஆளு வா" என்றார் வந்தவர். திரும்பி வந்துவிட்டேன். மறுவருஷம், பலகையைப் பார்த்து எழுதத் தெரியாத மந்தம் என்று டீச்சர் உன்னை வீட்டுக்கே அனுப்பிவிட்டார். அப்போதும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

உன் காலைக் காட்டப் போன ஆஸ்பத்திரியில் யாரோ தற்செயலாகக் கண்ணையும் பார்த்தார்கள். அப்போது உனக்குப் பதினான்கு வயது. கண்ணாடி போட்டதும் என் முகத்தையே உற்றுப் பார்த்தாய். "அக்கா, எங்கிட்ட பேசும்போது எப்பவும் இப்டித்தான் மூஞ்ச வச்சிகினு இருப்பியா?" என்றாய். எப்படி வைத்திருந்தேன் சுகுணா? நீ சொல்லவே இல்லையே.

ஒரே வருஷம்தான் போட்டாய். அதற்குள் எழுத்துக் கூட்டிப் பேப்பர் படித்தாய். மந்தமாம், மந்தம்!

இப்போது நான் அங்கன்வாடி டீச்சர். போன வாரம் பக்கத்துப் பள்ளியில் கண் பரிசோதனை. உன்னை மாதிரியே ஒரு பெண்ணை ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து நாற்காலியைத் தூக்கி வந்து அட்டைக்கு எதிரே போட்டு அவளை உட்கார்த்தினேன். "பேஜார் பண்ணாதீங்கம்மா, டைம் ஆகுது" என்றார்கள். "இவ பாக்காம அட்டைய எடுக்க உடமாட்டேன் சார்" என்றேன். முதல் எழுத்தே அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்ளோ பெரிய உதவிக்கா" என்று அழுதாள். என்ன பெரிய உதவி? ஒரு நாற்காலி. உனக்கும் அவ்வளவுதானடி வேண்டியிருந்தது.

இனி எங்கே அட்டை மாட்டினாலும் நான் நாற்காலியோடு போய் நிற்பேன். யார் திட்டினாலும் சரி.

உன்னைத் தூக்கத் தெரிந்து, உனக்காகப் பேசத் தெரியாமல் போன
உன் அக்கா