இரண்டு பொன்னிகளும் ஒரு சிவப்புக் கோடும்

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் கரையானுக்குப் பயந்து கதவு நிலையில் தார் பூசிக்கொண்டிருந்தார். பள்ளிக்குக் கிளம்பிய நான் அந்த வாசத்தில் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் கண்மூடி ஒரு மாதம் ஆகிறது. தார்ச்சட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் மலையேறும் உங்கள் முதுகுதான் கண்ணில் நின்றது.

ஜனக்கணக்கு எடுக்கச் சேந்தமங்கலத்துப் பள்ளியிலிருந்து என்னை மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த திருப்புலி நாட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். உங்களுக்கு அங்கே சாமைக் காடு. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் கூப்பிடாமலே துணைக்கு வந்தீர்கள். நான் கதவுகளில் தாரால் எண் எழுதுவேன். உள்ளே இருப்பவர்களை நீங்கள் வெளியே அழைப்பீர்கள். அந்த ஆர்வத்தின் காரணம் பிறகுதான் தெரிந்தது. மலையில் போதுமான தலைகள் இருந்தால் காய்ச்சலுக்கு ஓர் ஆஸ்பத்திரி தருவதாக அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். உங்கள் மகளைக் காய்ச்சல் கொண்டுபோய் ஓராண்டுகூட ஆகவில்லை.

நான் கொடுத்த தாள்கள் ஆபீசிலிருந்து சிவப்புக் கோடுகளோடு திரும்பின. பதினேழு பெயர்களை அடித்திருந்தார்கள். வெள்ளையன் மனைவி பொன்னி, வயது இருபத்தைந்து. அடுத்த பக்கத்திலும் வெள்ளையன் மனைவி பொன்னி, வயது இருபத்தைந்து. ஒரே ஆளை இரண்டு முறை எழுதிவிட்டேனாம். அந்தப் பதினேழு பேர் போனால் ஆஸ்பத்திரியும் போய்விடும்.

"மனு எழுதுகிறேன்" என்றேன்.

"எழுதுனதத்தானுங்களே நம்ப மாட்டேங்கறாங்க? ஆளுகளையே கூட்டிட்டுப் போலாமுங்க வாத்தியாரே" என்றீர்கள்.

அதற்குமுன் மூன்று நாள் உட்கார்ந்தோம். நாட்டுக்கு ஓர் எண், கதவுக்கு ஓர் எண், வீட்டுக்குள் ஆளுக்கு ஓர் எண். மூன்றையும் சேர்த்து எழுதினால் அது வேறு யாருக்கும் வராது. அது என் யோசனை. வயதுக்கு வழி கண்டது நீங்கள். "வயசக் கேட்டா வாய்க்கு வந்ததச் சொல்லுவாங்க. பொறந்தப்ப என்ன நடந்துச்சுன்னு கேளுங்க" என்றீர்கள். ஆலங்கட்டி மழை பெய்த வருடம், மிளகுக்கொடி கருகிய வருடம், மண் சரிந்து பாதை மூடிய வருடம் என்று நீங்கள் வரிசையாகச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் நான் ஆண்டைக் கணக்கிட்டு எழுதினேன். பதினேழு பேருக்கும், அவர்களோடு பெயர் ஒத்தவர்களுக்கும் பிறந்த வருடமும் பருவமும் கிடைத்தன.

அந்தப் பதினேழு பேரும் அவர்களோடு பெயர் ஒத்தவர்களுமாக மலையிறங்கி ஆபீஸ் வாசலில் நின்றோம். அதிகாரி என் புதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு முதல் பொன்னியைக் கேட்டார்.

"எப்போது பிறந்தாய்?"

"மொளகுக்கொடி பூராவும் கருகுன வருசமுங்க. சாமை அறுப்பு முடிஞ்சிருந்துச்சாமுங்க."

"நீ?"

"ஆலங்கட்டி மழையிலீங்க. ஊட்டுக் கூரையே பொத்தலாப் போச்சுன்னு எங்கம்மா சொல்லுமுங்க" என்றாள் இரண்டாவது பொன்னி.

அவர் தாளைப் பார்த்தார். இருவருக்கும் நான்கு வருட வித்தியாசம். சொன்னதும் எழுதியதும் ஒன்றாகவே இருந்தன. அப்போது நீங்கள் முன்னால் வந்தீர்கள்.

"பேரு ஒண்ணுதானுங்க சாமி. ரெண்டு பேருக்கும் காய்ச்சல் தனித்தனியாத்தானுங்க வருது."

அதிகாரி பேனாவை எடுத்துப் பதினேழு பெயர்களுக்கும் எதிரே 'சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மற்ற நாடுகளிலும் இப்படியே எண் போடுங்கள் என்று குமாஸ்தாவிடம் சொன்னார். வெளியே வந்ததும் பொன்னிகள் இருவரும் குலவையிட்டார்கள். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் நின்று நீங்கள் மேலே பார்த்துக் கத்தினீர்கள்: "செயிச்சுட்டோமுங்க!" மேலேயிருந்து பதில் குரல்கள் வந்துகொண்டே இருந்தன.

அடுத்த மழைக்குள் ஆஸ்பத்திரி வந்தது. முதல் வாரமே ஒரு குழந்தை பிழைத்தது. அதைச் சொல்ல என் வீடுவரை நடந்தே வந்தீர்கள்.

இன்று வரை என் பள்ளிப் பதிவேட்டில் ஒரு குழந்தைக்கும் 'சுமார்' என்று வயது எழுதியதில்லை. நேற்று மகளைச் சேர்க்க வந்த ஒரு தாய், வயது தெரியாதென்று தலைகுனிந்தாள். "இவள் பிறந்தபோது ஊரில் என்னம்மா நடந்தது?" என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள்.