நீங்கள் போட்ட ஏழு

அண்ணாச்சி,

வியாழக்கிழமை வேம்பார் கொட்டகையில் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழைக்கு முன்னால் சாமான் எல்லாவற்றையும் துறைமுகத்துப் பக்கம் மாற்றுகிறார்கள். பேட்டரி உறைகளுக்கு அடியில் உங்கள் மதிப்பெண் அட்டை ஒன்று கிடந்தது. நடுவில் சின்னக் கோடு கிழித்த ஏழு. கப்பற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டிய காலத்துப் பழக்கம் என்பீர்கள். ஒன்றோடு குழம்பக் கூடாதாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தகரச் சூட்டில் அப்படியே நின்றேன். உங்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

நம் விமானத்தில் ஆள் ஏறுவதில்லை. நான்கு விசிறிகளால் நேரே மேலே எழும்பும். பிறகு இறக்கையை நம்பிப் பறக்கும். வெளிக்கடலில் நங்கூரம் போட்ட கப்பலுக்கு மருந்தோ காகிதமோ கொண்டுபோய், மறுபடி அந்தரத்தில் நின்று இறங்கும். பறப்பதை விட்டு நிற்பதற்கு மாறும் அந்தச் சில விநாடிகளில்தான் அத்தனை பாடும். உப்பளத்து ஓரம் நாற்காலி போட்டு நீங்கள் ஸ்டிக்கைப் பிடித்திருப்பீர்கள். நான் மடிக்கணினியும் வாயுமாகப் பின்னால் நிற்பேன்.

இறங்கியதும் நீங்கள் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டீர்கள். யாரோடும் பேசுவதற்கு முன் கையாளும் தன்மைக்கு மதிப்பெண் போட்டாக வேண்டும். ஒன்று என்றால் சொன்னபடி கேட்கிறது, பத்து என்றால் பிடிக்குள் நிற்கவில்லை. விமானம் பத்திரமாக இறங்கியதா என்பதற்கு அல்ல அந்த மதிப்பெண். அதை இறக்க ஓட்டியவர் எவ்வளவு மல்லுக்கட்டினார் என்பதற்கு. போன வருஷம் ஆடி மாதம் முழுக்க நீங்கள் ஏழுதான் போட்டீர்கள்.

"வாத்தியார் மவளே, இடப்பக்கம் போன்னா யோசிச்சிட்டுல்லா போவுது. சரி வேண்டாம்னு நான் திருப்புதேன், அப்பத்தான் முதல்ல சொன்னதச் செய்யுது. நானும் அதும் மாறி மாறிச் சண்ட போடுதோம்."

"நேத்து கச்சான் காத்துன்னீங்க. இன்னைக்கு இதா அண்ணாச்சி?"

"காத்து தள்ளுனா எனக்குத் தெரியாதாளா? இது லேட்டா கேக்குது. போய்ப் பாரு."

நான் போய்ப் பார்க்கவில்லை. நாசரேத்தில் வாத்தியார் வீட்டுப் பெண், கணக்கில் நூற்றுக்கு நூறு; என் வேலையில் பிழை இருக்கும் என்று எனக்குத் தோன்றுமா என்ன! அவ்வளவு திமிர்.

அப்புறம் அந்த மீட்டிங். ஏன் இன்னும் ஏழு என்று டைரக்டர் கேட்டார். உங்கள் கையசைவைப் பதிவு செய்த கோட்டைத் திரையில் போட்டேன். ரம்பப் பல் மாதிரி மேலும் கீழுமாக இருந்தது. "மெஷின் சரியாத்தான் இருக்கு சார். கை நடுங்குது," என்றேன். விமானத்தின் கோட்டையும் பக்கத்தில் வைத்திருந்தால், அது உங்கள் கைக்குப் பிந்தி வருவது கல்லூரிப் பிள்ளைக்கே விளங்கியிருக்கும். நான் ஒரே கோட்டைத்தான் காட்டினேன். அறையில் இருந்த எல்லாரும் உங்கள் கையைப் பார்த்தார்கள். நீங்கள் மெதுவாக இரண்டு கையையும் மேசைக்குக் கீழே கொண்டுபோனீர்கள்.

"என் கைதான்னு சொல்லுதியாளா?"

"நான் சொல்லல அண்ணாச்சி. டேட்டா சொல்லுது."

மறு வாரம் மதுரையிலிருந்து புதிதாக ஒருவர் ஓட்ட வந்தார். அவரும் முதலில் ஆறுதான் போட்டார்; ஆள் புதிது, பழகட்டும் என்று விட்டுவிட்டோம். உங்களுக்குப் பேட்டரி ஏற்றுவதும் ஓடுதளத்தில் நாய் விரட்டுவதும். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை நீங்கள். ஒரு நாள் என்னைத் திட்டியிருந்தால் நான் இவ்வளவு அவிந்திருக்க மாட்டேன்.

ஆவணியில் வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. கப்பல் கம்பெனிக்காரர்களுக்குக் காட்டும் வீடியோ ஆடாமல் இருக்கட்டும் என்று, உங்கள் கட்டளைகளை மெதுவாக்கி அனுப்பும் ஒரு வடிகட்டியை நானே மென்பொருளில் போட்டிருந்தேன். ஒரு நாளைக்கு என்று போட்டது. எடுக்க மறந்திருக்கிறேன். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றையும் அது கால் விநாடி பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. நேரே பறக்கும்போது அதனால் பெரிய கெடுதல் இல்லை. அந்தரத்தில் நிற்க வரும்போது கால் விநாடி போதும், எந்தக் கையையும் நடுங்க வைக்க.

யாருக்கும் தெரியாமல் எடுத்தேன். "சிறு திருத்தங்கள்" என்று குறிப்பு எழுதினேன். மறுநாள் மதுரைக்காரர் இறக்கிவிட்டு மூன்று போட்டார். என்ன மெத்தென்ற கை என்று டைரக்டர் அவர் முதுகில் தட்டினார். பேட்டரிப் பெட்டியோடு நின்ற நீங்களும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினீர்கள். பிறகு என் பக்கம் வந்தீர்கள்.

"நல்லா நிக்குதுளா. என்ன செஞ்ச?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

இதை எப்படிச் சொன்னேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் பாதி, கெட்டிக்காரி என்ற பெயர் போய்விடும் என்ற பயம் மீதி. பிறகு சொல்லலாம், தீபாவளி கழித்துச் சொல்லலாம் என்று தள்ளினேன். கார்த்திகையில் ஒரு காலை, பல் துலக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்களாம். நான் மாலை வாங்கிக்கொண்டு வந்தேன். அந்த முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன் பாருங்கள்.

அட்டை கிடைத்த மறுநாள், வெள்ளிக்கிழமை, எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். "பழைய கதை, விடும்மா," என்றார் டைரக்டர். விடாமல் அறிக்கையைத் திருத்த வைத்தேன்: ஏழு சரி, பிழை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை மதினி பூசை முடிந்து வரும் நேரம் பார்த்து உங்கள் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார்கள். ஆறும்வரை குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

மதினி திட்டவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்கள்.

"பாளையங்கோட்டைக்கு நரம்பு டாக்டர்ட்ட போனாவ, தெரியுமா? ஒண்ணுமில்லன்னுட்டாரு. இவுக நம்பல. அந்தப் பிள்ள படிச்ச பிள்ள, கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுதா, தப்பா சொல்லுவாளான்னாவ."

தம்ளரில் படிந்த ஆடையை விரலால் ஒதுக்கினேன்.

"மூத்தவ பேறுகாலத்துக்கு வந்திருந்தால்லா, ஐப்பசில. பேத்தி பொறந்து நாள் பூரா தொட்டில் பக்கத்துலதான் இருப்பாவ. தூக்குங்களேம்பேன். கை நடுங்குது, கீழ போட்டுருவேன்னு ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிடுவாவ. சாகுறவரைக்கும் தூக்கல."

முந்தானையை விட்டுவிட்டு மதினி என்னைப் பார்த்துக் கேட்டார்கள்: "அப்போ தூக்கியிருக்கலாமா?"

ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தேன். அந்தக் கேள்வியோடுதான் பஸ் ஏறினேன்; அதை எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை. மதினிக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

தூக்கியிருக்கலாம் அண்ணாச்சி. உங்கள் கைக்கு ஒரு குறையும் இல்லை.