மஞ்சள் போகக் கழுவியது

செப். 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். நடை. முதலியார்பேட்டையில் முருங்கைக்காய், பிஞ்சு. ஒன்பதுக்கு லாஸ்பேட்டை, தங்கை வசந்தாவின் பரிசோதனைக்கூடம். ஓய்வு பெற்ற வேதியியல் வாத்தியாருக்கு அங்கே சம்பளமில்லாத நாற்காலி ஒன்று உண்டு.

இன்று சரிபார்ப்பு. சுத்தமான இறாலில் ஆன்டிபயாடிக் மருந்து நூறு பங்கு நாங்களே கலந்து, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்பது. வந்தது முப்பத்தொன்று! மிஷின் கோளாறு என்று வசந்தா மெக்கானிக்குக்குப் போன் செய்யப் போனாள். ஒருநாள் பொறுக்கச் சொன்னேன். போன மாதம் நான் மாற்றச் சொன்ன கழுவல் மேல் சந்தேகம்.

செப். 9, செவ்வாய்

சந்தேகம் சரிதான். தவறு என்னுடையது.

இறால் சாற்றை ஒரு சின்னக் குழாய் வழியே விடுகிறோம். உள்ளே இருக்கும் பொடி, மருந்தையும் கொஞ்சம் அழுக்கையும் பிடித்துக்கொள்ளும். முதலில் அழுக்கு போகக் கழுவல். பிறகு வலுவான திரவம் ஊற்றி மருந்தை இறக்குவது. போன மாதம் கடைசித் திரவம் மஞ்சளாக வந்தது. கழுவும் நீரில் மெத்தனாலை ஐந்து சதவீதத்திலிருந்து நாற்பதாக்கச் சொன்னவன் நான். தண்ணீர் போலத் தெளிந்தது. அந்தச் சந்தோஷத்தில் சரிபார்ப்பை விட்டுவிட்டோம்.

புதுச் சுங்குடிச் சேலையை அலசினால் முதலில் கஞ்சி போகும், அதற்கு மேல் கசக்கினால் சாயம். வசந்தாவிடம் சொன்னேன். “உதாரணம் அப்புறம். பைப்பெட்டைப் புடிண்ணே.”

ஏழு குழாய்கள், ஏழு மெத்தனால் சதவீதத்தில் கழுவல். ஒவ்வொரு கழுவலையும் கொட்டாமல் தனித்தனிக் குப்பியில். இத்தனை நாள் கொட்டிக்கொண்டிருந்தோம், அதில்தான் விடை.

5, 10, 15, 20: கழுவலில் மருந்து இல்லை.
25: லேசாக.
30: நன்றாகவே.
40: பெரும்பகுதி போயிற்று.

இனி 15. இருபதின் விளிம்பில் நிற்க வேண்டாம். குழாயைக் காயவைத்து, கொழுப்பைக் கரைத்தெடுக்கத் தனியாக ஹெக்ஸேன். மஞ்சள் கொஞ்சம் நிற்கிறது, நிற்கட்டும். மிஷினில் அது வேறு நேரத்தில் வருகிறது, மருந்தை மறைக்கவில்லை. திரும்பி வந்தது தொண்ணூற்றிரண்டு.

சாயந்திரம் மழை. பஜ்ஜி. மனசு முழுக்கச் சரியாகவில்லை. நாற்பதில் கழுவி ஒரு ரிப்போர்ட் கொடுத்திருக்கிறோம். நோணாங்குப்பம் பக்கம் இறால் குட்டை வைத்திருக்கும் ஏழுமலைக்கு, மருந்து இல்லையென்று. சனிக்கிழமை அவர் விற்பனைக்கு இறால் பிடிக்கிறார்.

செப். 10, புதன்

ஃப்ரீசரில் அவருடைய மிச்ச மாதிரி இருந்தது, நல்லவேளை. புது முறையில் இரண்டு தடவை. மருந்து இருக்கிறது, இரண்டிலும்.

நான் பேசுகிறேன் என்றேன். வசந்தா போனைத் தரவில்லை. சுற்றி வளைக்காமல் சொன்னாள்: நாங்க கொடுத்த ரிப்போர்ட் தப்பு, புடிக்காதீங்க. நாளைக்கு வருகிறேன் என்று அவர் போனை வைத்துவிட்டார்.

மறந்துவிடுவேன்: கண்ணாடிக் கடை, என் மூக்குக்கண்ணாடிக்கு மூக்குப்பட்டை.

செப். 11, வியாழன்

ஏழுமலை நேரில் வந்தார். கோபமாக வருவார் என்று எலுமிச்சை ஜூஸ் தயார். உட்காரவே இல்லை.

“ஆளுங்கள வரச் சொல்லிட்டேன்மா. இன்னா சொல்லி நிறுத்துறது?”

வசந்தா என்னைப் பார்க்கவில்லை. நான் எழுந்து, கழுவலை மாற்றச் சொன்னது நான்தான் என்றேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“மருந்து போட்டது நான் சார். குஞ்சு சாவுதுன்னு போட்டேன். உங்க பேப்பரப் பாத்துட்டு, போயிடுச்சுன்னு நெனச்சிக்கினேன்.”

ஜூஸ் குடித்தார். தண்ணீர் மாற்றி, காத்திருந்து, மறுபடி மாதிரி கொண்டுவருகிறாராம். பரிசோதனை எங்களிடமே! படியிறங்கும்போது வசந்தாவிடம் சர்க்கரை தூக்கல் என்றார்.

செப். 12, வெள்ளி

வெயில். பழைய ரிப்போர்ட் ரத்து, கடிதம் தபாலில். முறைப் பதிவேட்டில் திருத்தம் எழுதினேன். கழுவல்: 15%. காரணம் என்ற கட்டத்தில்: நிறத்தைப் பார்த்து முடிவு செய்தேன், மருந்தை அளக்கவில்லை. கீழே என் பெயர்.

வசந்தா படித்தாள். பேனாவை வாங்கி, “செய்தேன்” என்பதை “செய்தோம்” ஆக்கினாள்.

“ரிப்போர்ட்ல கையெழுத்து யாருதுண்ணே?”

என் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயர்.